வெயிலில் காட்டாமல் வெட்டிய துண்டு

அமலோற்பவத்துக்குத் தன்னைப் பற்றி இரண்டு உயர்ந்த அபிப்பிராயங்கள் இருந்தன. புடைவைக்கு ஏற்ற இரவிக்கைத் துணியைத் தேர்ந்து கொடுப்பதில் சங்கரன்கோவில் வட்டாரத்தில் தன் கண்ணுக்கு நிகரான கண் கிடையாது என்பது ஒன்று. யாரையும் ஒதுக்கி வைக்காத மனம் தனக்கு வாய்த்திருக்கிறது என்பது மற்றொன்று. முதல் அபிப்பிராயத்தை ஊரார் முப்பது ஆண்டுகளில் வளர்த்துக் கொடுத்தார்கள். இரண்டாவதை அவளே ஊட்டி வளர்த்தாள். அவ்விரண்டும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில், ஒரே பெண்ணின் இரவிக்கைக் கைகளாக, இருபத்தேழு பேர் பார்க்க அவளை நோக்கி நடந்து வந்தன.

அவளுடைய மேட்சிங் கடை ரதவீதியை ஒட்டிய சந்தில் இருந்தது. கரிவலம்வந்தநல்லூரிலிருந்தும் குருவிகுளத்திலிருந்தும் கல்யாணப் புடைவைகளைப் பையில் சுருட்டிக்கொண்டு பெண்கள் வருவார்கள். அமலோற்பவம் புடைவையை ஒரு முறை பார்ப்பாள். அடுக்கிலிருந்து ஒரு துணியை உருவுவாள். இரண்டையும் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவாள். வெயிலில் காட்டாமல் கத்தரிக்கோலைத் தொடுவதில்லை என்பது அவள் கடைச் சட்டம். டியூப் லைட்டின் அடியில் வாடாமல்லியும் கத்திரிப்பூவும் உடன்பிறந்தவைபோலத் தோன்றும். வாசலுக்குக் கொண்டுபோனால் ஒன்றையொன்று அறியாத அயலாராகிவிடும்.

அவளுக்கு வயது அறுபத்து மூன்று. முதல் கணவன் பம்பாய்க்கு வேலைக்குப் போய், அங்கேயே வேறொரு குடும்பத்துக்குத் தலைவனாகிவிட்டான். அந்தத் திருமணத்தைச் செல்லாததாக்க அவள் பெரிய கோவில் எனப்பட்ட கத்தோலிக்கத் தேவாலயத்தின் வழியாக அனுப்பிய விண்ணப்பம், பதில் இல்லாமல் ஆறு ஆண்டுகள் எங்கோ உறங்கியது. அதற்குமேல் காத்திருக்கப் பொறுமையின்றி, மின்வாரியத்தில் வேலை பார்த்த அய்யாத்துரையைப் பதிவு அலுவலகத்தில் மணந்தாள். அன்றிலிருந்து அவளுக்குப் பூசையில் அப்பம் வாங்கும் நற்கருணை இல்லை என்றாயிற்று. மூன்று ஆண்டுகள், மற்றவர்கள் வரிசையில் போகும்போது, தன் இடத்தில் உட்கார்ந்து தரையின் ஓடுகளை எண்ணினாள்.

தாயின் முதலாண்டு நினைவுப் பூசை வந்தது. அன்று மட்டும் ஓடுகளை எண்ண முடியவில்லை. எழுந்து, 'நன்மை' என்று ஊரார் சொல்லும் அந்த அப்பத்துக்காக வரிசையில் நின்றாள். அப்போது பக்கத்து வீட்டில் குடியிருந்தவள் தங்கப்பழம். பெரிய கோவிலின் மாதர் சங்கத் தலைவி. அமலோற்பவத்தைவிட ஏழு வயது மூத்தவள். இரு வீட்டுக்கும் இடையே குழம்புக் கிண்ணங்கள் போய்வந்த காலம் அது. அந்தத் தங்கப்பழம் பின்னாலிருந்து வந்து அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"ஏட்டி, ஒனக்கு நன்மை கெடையாது. போயி இரி."

தோளில் குத்தியிருந்த ஊக்கு இரவிக்கையைக் கிழித்துக்கொண்டு வந்தது. இரவிக்கைத் துணி விற்கிறவளின் இரவிக்கை கிழிந்த ஓசை மூன்று வரிசை தாண்டிக் கேட்டது. அதன்பின் இருபத்திரண்டு ஆண்டுகள் அமலோற்பவம் அந்தப் பெயரை உச்சரிக்கவில்லை. 'பக்கத்து வீடு' என்பாள். தங்கப்பழம் நான்கு தெரு தள்ளிக் குடிபோன பிறகும் அவள் 'பக்கத்து வீடு'தான்.

ஏழு ஆண்டுகளுக்கு முன்பு எம்மாவு தன்னாட்சிக் கத்தோலிக்கச் சமூகம் சங்கரன்கோவிலில் தொடங்கியது. முகம்மது சாதிக்கின் பேக்கரிக்கு மேல்மாடியில் ஒரு நீளமான அறை, இருபது நாற்காலிகள், மற்றவர்களுக்குப் பாய். குருவானவர் ஞானதுரை வார நாட்களில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். மனைவியும் இரண்டு பெண்களும் உடையவர். கடைக்கு வருகிறவர்கள் கேட்பார்கள்.

"நீங்க இப்ப பெந்தகோஸ்தாமே?"

"இல்லம்மா. கத்தோலிக்கந்தான்."

"அப்பம் போப்பாண்டவரோட சண்டையா?"

"சண்டை ஒண்ணும் கெடையாது. தனிக்குடித்தனம்" என்பாள் அமலோற்பவம். இதைவிடத் தெளிவாக இறையியல் அறிஞர்களாலும் விளக்க முடியாது என்பது அவள் எண்ணம். பூசை அதே பூசை; விசுவாசப் பிரமாணம் அதே; மாதாவும் அந்தோணியாரும் அதே. உரோமையின் நிருவாகம் மட்டும் இல்லை. குருவானவர் மணம் செய்துகொள்ளலாம், பெண்ணும் குருவாகலாம், நற்கருணைக்காக நீட்டிய கையை எவரும் தட்டிவிடக் கூடாது.

இந்தச் சமூகத்துக்கு அமலோற்பவம் இரண்டு கொடைகள் அளித்திருந்தாள். அவற்றைக் கொடைகள் என்று அவளே சொல்லிக்கொள்ளவில்லை. பிறர் சொல்லும்போது மறுக்கவுமில்லை. முதலாவது, பெயர் சொல்லிக் கொடுக்கும் வழக்கம். அப்பத்துண்டைப் பரிமாறுகிறவர், வாங்குகிறவரின் பெயரை வாய்விட்டுச் சொல்லவேண்டும். தெரியாவிட்டால் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பெரிய கோவிலில் தான் பல ஆண்டுகள் பெயரின்றி 'அந்தக் கேசு' என்றே வழங்கப்பட்டதால் அவளுக்குத் தோன்றிய யோசனை அது. ஞானதுரை அதனுடன் தன் யோசனையையும் ஒட்டவைத்தார்.

"கல்யாண வீட்டுல பரிமாறுதவங்களுக்குக் கடைசியா ஒருத்தர் எலை போட்டுப் பரிமாறுவாங்கல்லா? அதே மாதிரி, வரிசையில கடைசியா வாங்குதவங்க, பரிமாறுனவங்களுக்குக் குடுக்கணும்."

இரண்டாவது கொடை வாசலில் தொங்கிய பலகை. அதில் என்ன எழுதுவது என்று கூடிப் பேசிய நாளில் ஞானதுரை, "'எல்லாரும் வாங்க'ன்னு ரெண்டு சொல்லு போதும்லாக்கா?" என்றார்.

"போதாது சாமி" என்றாள் அமலோற்பவம். "பெரிய கோவில் வாசல்லயும் 'அனைவரும் வருக'ன்னுதான் எழுதியிருந்துச்சு. நானும் நம்பித்தான் போனேன். எல்லாரும்னு சொன்னா, அதுல நாமளும் உண்டுன்னு எவளுக்குத் தோணும்? பேர் பேரா எழுதணும்."

எழுதினார்கள். மணமுறிவு பெற்றவர்கள், மறுமணம் செய்தவர்கள், எச்சாதியினரும், திருநங்கையர், திருநம்பியர், தன்பால் ஈர்ப்புடையோர், பிற சபையார், பிற சமயத்தார், ஐயம் உடையோர் என்று பட்டியல் நீண்டது. ஞாயிறுதோறும் வாசகம் வாசிக்கும் திருநங்கை சங்கரேஸ்வரி, பூச்சந்தையில் கடை வைத்திருப்பவள், "யக்கா, எனக்கு முதல் வரியே குடுத்துருங்க. பஸ்ல போறவன் பாதிதான் படிப்பான்" என்றாள். மூலையில் பாயில் சாய்ந்திருந்த அய்யாத்துரை கண்ணைத் திறக்காமலே, "பூசையில தூங்குதவங்கன்னும் ஒரு வரி போடு. நானும் ஒரு அந்தஸ்தோட வந்துட்டுப் போறேன்" என்றார். கடைசியில் பதினான்கு வரிகள் தேறின. 'எல்லாரும்' என்ற சொல்லை அமலோற்பவம் தன் கையாலேயே அடித்து நீக்கினாள். பலகை ஏறிய நாளில், எதிர்ப்புறம் நின்று அதை ஐந்து முறை படித்தாள். ஒருவரையும் விட்டுவிடவில்லை என்ற நிறைவில் அன்றிரவு நன்றாகத் தூங்கினாள்.

தங்கப்பழத்தின் மகள் பெனிட்டா அந்தச் சமூகத்தில் வந்து சேர்ந்து இரண்டு ஆண்டுகளாயின. அடிக்கிற கணவனிடமிருந்து விலகி, நீதிமன்றத்தில் மணமுறிவு பெற்று, தையல் தொழிலில் நிமிர்ந்துகொண்டவள். அவளை அமலோற்பவம் வாரி அணைத்து வரவேற்றாள். அந்த அணைப்பில் அன்பு எவ்வளவு, 'பார்த்தாயா, உன் மகளே இங்கு வந்தாள்' என்ற களிப்பு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க அவள் வாசல் வெயிலுக்குப் போகவில்லை.

சென்ற ஆண்டு பெனிட்டா, செல்போன் கடை வைத்திருக்கும் ராஜேஷ்குமாரைப் பதிவு அலுவலகத்தில் மணந்தாள். சாட்சிக் கையெழுத்துப் போட்டவள் தங்கப்பழம். சபை ஏற்காத மணத்துக்குத் துணைபோனோம் என்று, அந்த ஞாயிற்றுக்கிழமை முதல் பெரிய கோவிலில் நற்கருணை வரிசையில் நிற்கவில்லை. யாரும் தடுக்கவில்லை. அங்குள்ள சாமியாரே வீடு தேடிப் போய், "நீங்க வரலாம்மா" என்றாராம். "சட்டம்னா எல்லாருக்கும் சட்டந்தான் சாமி. நான் எத்தனை பேரைத் தடுத்திருக்கேன்" என்று அவள் சொல்லிவிட்டாளாம். இதைப் பெனிட்டா ஒரு வியாழக்கிழமை மாலையில் அமலோற்பவத்தின் வீட்டில் உட்கார்ந்து சொன்னாள்.

"ஒரு வருசமாச்சு சித்தி. பூசை முடிஞ்சு வந்தா சாப்பிட மாட்டேங்கா. நம்ம பூசைக்கு வாறியாம்மான்னு கேட்டேன். வாரேன்னுட்டா. அடுத்த ஞாயிறு கூட்டிட்டு வாரேன்."

"கூட்டிட்டு வா, கூட்டிட்டு வா. எல்லாருக்கும் எடம் உண்டு" என்றாள் அமலோற்பவம். தான் அடித்து நீக்கிய சொல் எவ்வளவு வசதியானது என்பது அப்போதுதான் அவளுக்குப் புலப்பட்டது.

பெனிட்டா போன பின் அய்யாத்துரை நாள்காட்டியைப் பார்த்தார். "ஏட்டி அமலி, அடுத்த ஞாயிறு அப்பக்கூடை ஒன் மொறையில்லா?"

"ஆமா."

"அப்பம் 'பக்கத்து வீடு, இது கிறிஸ்துவின் உடல்'னு சொல்லப்போற."

"எனக்குத் தொண்டை கட்டுத மாதிரி இருக்கு."

"ஞாயித்துக்கிழமைக்கு இன்னும் பத்து நாள் கெடக்கு. அதுக்குள்ள தொண்டை தேறிருமே, அதை நெனைச்சாத்தான் எனக்குக் கவலை" என்றார் அவர்.

மறுநாள் அவள் ஞானதுரைக்குத் தொலைபேசியில் பேசி, முறையை மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டாள். காரணமாகத் தொண்டையைச் சொன்னாள், முழங்காலையும் சேர்த்துக்கொண்டாள். மறுமுனையில் யாரோ கியர் மாற்றிய ஓசை கேட்டது. "கிளட்சை விடாதீங்க தம்பி" என்றார் ஞானதுரை. பிறகு, "அக்கா, ஒங்களைச் சொல்லல" என்றார். முறை மாறவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பின் கடையில் ஆள் இல்லாத நேரத்தில், தங்கப்பழம் படியேறி வந்தாள். எழுபது வயது. உடல் பாதியாகியிருந்தது. பையிலிருந்து ஒரு வாடாமல்லிப் புடைவையை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"பெனிட்டா எடுத்துக் குடுத்தா. இதுக்கு ஒரு ரவிக்கைப் பிட்டு வேணும்."

"வாங்க" என்றாள் அமலோற்பவம், சுவரிலிருந்த கடிகாரத்தைப் பார்த்து. இருபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு தங்கப்பழத்திடம் அவள் பேசிய முதல் சொல் அது. கடிகாரத்துக்கு அது புரிந்ததோ என்னவோ.

"ஒங்க போர்டை வந்து படிச்சேன்."

"படிக்கத்தானே வச்சிருக்கு."

"பதினாலு வரி இருக்கு. அதுல நான் எந்த வரியில வாரேன்?"

அமலோற்பவம் அடுக்கின் பக்கம் திரும்பிக்கொண்டாள். மனத்துக்குள் பதினான்கு வரிகளையும் ஓட்டிப் பார்த்தாள். விலக்கப்பட்டவர்கள் அத்தனை பேரும் அங்கே இருந்தார்கள். விலக்கியவர்களுக்கு ஒரு வரிகூட இல்லை.

"எல்லாரும் வரலாம்னுதான் அர்த்தம்."

"எல்லாரும்னு எங்கயும் எழுதலியே?" குரலில் குத்தல் இல்லை, உண்மையாகவே தேடிப் பார்த்துவிட்டு வந்தவளின் குரல் அது. "நான் வரிசையில நின்னா, நீ என்னய இழுத்துப் போட்டுர மாட்டியே, அமலி?"

கத்தரிக்கோல் எங்கிருந்தோ கைக்கு வந்துவிட்டது. "அங்கன யாரும் யாரையும் இழுக்கதில்ல" என்று சொல்லிக்கொண்டே அமலோற்பவம் ஒரு துணியை உருவினாள், அளந்தாள், வெட்டினாள், மடித்தாள், தாளில் சுற்றிக் கொடுத்தாள். எல்லாம் டியூப் லைட்டின் அடியிலேயே நடந்தன. தங்கப்பழம் சந்தின் முனையைத் தாண்டிப் போன பிறகுதான், மீதித் துணி மேசைமேல் கிடப்பதைப் பார்த்தாள். அது கத்திரிப்பூ நிறம். படபடப்பில் நேர்ந்ததா, மனம் அறிந்தே செய்ததா என்று தன்னையே விசாரித்தாள். சாட்சி சொல்ல ஒருவரும் முன்வரவில்லை. ஓடிப்போய்க் கூப்பிட்டிருக்கலாம். முழங்கால் வலிப்பதாக ஏற்கெனவே ஞானதுரையிடம் சொல்லியிருந்ததால், ஓடுவது பொய்யாகிவிடும் என்று உட்கார்ந்துகொண்டாள்.

சனிக்கிழமை அவளுக்கு ஓர் அருமையான யோசனை பிறந்தது. பெனிட்டாவை அழைத்து, "அம்மாவைக் கடைசியில வரச் சொல்லு. கூட்டம் கொறையட்டும், பாவம், கால் வலிக்கும்லா?" என்றாள். கடைசி ஆள் நெருங்கும் சமயத்தில் கூடையைச் சாமியாரின் கையில் கொடுத்துவிட்டுத் தொண்டையைச் செருமிக்கொண்டு ஒதுங்கிவிடலாம் என்பது திட்டம். ஏழு ஆண்டுகளாகப் பின்பற்றிவந்த வழக்கம் ஒன்று இந்தத் திட்டத்தின் குறுக்கே கிடந்தது. அது அவள் நினைவில் அப்போது எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குப் பூசை தொடங்கியது. கீழே சாதிக் தேங்காய் பன் சுட்டுக்கொண்டிருந்த வாசனை படி வழியாக ஏறி வந்தது. தங்கப்பழம் பின்வரிசையில் ஒரு சால்வையைப் போர்த்தி உட்கார்ந்திருந்தாள். நற்கருணை நேரம் வந்தது. அமலோற்பவம் அப்பக்கூடையுடனும், ஞானதுரை கிண்ணத்துடனும் நின்றார்கள். "சங்கரேஸ்வரி, இது கிறிஸ்துவின் உடல்." "பெனிட்டா, இது கிறிஸ்துவின் உடல்." பெயர்கள் தேய்ந்துகொண்டே வந்தன.

கடைசியாகத் தங்கப்பழம் எழுந்தாள். எழும்போது சால்வையை நாற்காலியிலேயே போட்டுவிட்டாள். கிழக்குச் சன்னலின் வெயில் நடைபாதையின் நடுவே நீளமாக விழுந்திருந்தது. அதற்குள் அவள் அடியெடுத்து வைத்தாள். வாடாமல்லிப் புடைவையின் இரு பக்கமும் கத்திரிப்பூக் கைகள். ஒன்றையொன்று அறியாத அயலார். அறையிலிருந்த பெண்கள் அனைவரும் முதலில் இரவிக்கையைப் பார்த்தார்கள்; பிறகு அமலோற்பவத்தைப் பார்த்தார்கள்.

"யக்கா" என்று சங்கரேஸ்வரி காதோரம் கேட்டாள், "இது நம்ம கடைத் துணியா?"

அமலோற்பவம் கூடையைச் சாமியாரின் பக்கம் நீட்டினாள். ஞானதுரை கிண்ணத்தை இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்துக்கொண்டு மின்விசிறியை ஆராய்ந்தார். ஒரு கையை எடுக்க அவருக்கு எந்தத் தடையும் இல்லை. அவர் எடுக்கவில்லை.

தங்கப்பழம் முன்னால் வந்து நின்றாள். இரண்டு கைகளையும் குவித்து நீட்டியிருந்தாள். ஆனால் அவளது இடக்கண் ஓரமாக, தன் முந்தானைப் பக்கம் போய் வந்தது. இழுப்பாளோ என்ற ஐயம் அதில் இருந்தது. அதைப் பார்த்த அமலோற்பவம், சாமியாரிடம் நீட்டிய கூடையைத் தன் பக்கமே திருப்பிக்கொண்டாள். வாயைத் திறந்தாள். 'பக்கத்து வீடு' நாக்கின் நுனிவரை வந்து நின்றது. அதைத் தள்ளிவிட்டு, அழைக்காத ஒரு சொல்லையும் கூட்டிக்கொண்டு, பழைய பெயர் வெளியே வந்தது.

"தங்கப்பழத்தக்கா... இது கிறிஸ்துவின் உடல்."

"ஆமென்."

மன்னித்துவிட்டேனா என்று அமலோற்பவம் தன் நெஞ்சுக்குள் அவசரமாகத் தேடினாள். அப்படி எதுவும் அங்கே தென்படவில்லை. கோபம் தன் பழைய இடத்திலேயே, சற்று வெட்கத்துடன் உட்கார்ந்திருந்தது. அப்பம் மட்டும் கை மாறிவிட்டது. வாங்குகிறவரின் தகுதியைப் பார்க்கக் கூடாது என்று ஏழு ஆண்டுகளாகப் பேசியவளுக்கு, கொடுக்கிறவரின் தகுதியையும் யாரும் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

தப்பித்தோம் என்று கூடையுடன் பீடத்தின் பக்கம் திரும்பினாள்.

"அக்கா" என்றார் ஞானதுரை, "வரிசை இன்னும் முடியலியே. ஒங்களுக்கு யாரு குடுப்பா?"

கடைசியாக வாங்குகிறவர் பரிமாறியவருக்குக் கொடுக்கவேண்டும். கடைசியில் வரச் சொன்னவள் அவளேதான். கூடையில் ஒரே ஒரு துண்டு மீதம் இருந்தது. பெனிட்டா தாயின் காதில் வழக்கத்தைச் சொன்னாள்.

"நானா?" என்றாள் தங்கப்பழம். "நான் குடுக்கலாமா?"

"குடுக்கணும்மா. பேரைச் சொல்லிக் குடுக்கணும்."

தங்கப்பழம் துண்டை வலக்கையில் எடுத்தாள். இடக்கை தானாக உயர்ந்து அமலோற்பவத்தின் தோளை நோக்கி வந்தது. அமலோற்பவம் ஓரடி பின்வாங்கினாள். கூடை கைநழுவி உருண்டது. அந்தக் கை, சரிந்து கிடந்த அவள் முந்தானையை எடுத்துத் தோளில் போட்டு, ஒரு முறை அழுத்திவிட்டுப் போயிற்று.

"அமலோற்பவம்" என்றாள். பிறகு, "இது கிறிஸ்துவின் உடல்" என்று ஒவ்வொரு சொல்லாகச் சொல்லி, துண்டை அவள் உள்ளங்கையில் வைத்தாள். அறையிலிருந்த எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அய்யாத்துரைகூட விழித்திருந்தார்.

பூசை முடிந்து படியிறங்கும்போது அமலோற்பவம் தங்கப்பழத்துக்கு ஈடுகொடுத்து மெதுவாக இறங்கினாள்.

"நாளைக்குக் கடைக்கு வாங்க. வேற துண்டு தாரேன். வெயில்ல பாத்தே தாரேன்."

"எனக்குத் தெரியாமலா போட்டேன்? தைக்கும்போதே பெனிட்டா சொன்னா, நிறம் சேரலம்மான்னு. நான்தான் 'அதையே தையிட்டி'ன்னேன்."

"ஏன்க்கா?"

"அன்னைக்கு நான் கிழிச்சது ஒன் தோள்ல இருவத்திரண்டு வருசம் கெடந்துச்சு. இதாவது என் தோள்ல கெடக்கட்டும்." அடுத்த படியில் கால் வைத்துவிட்டு, தங்கப்பழம் தன் பழைய மாதர் சங்கக் குரலை மீட்டுக்கொண்டாள். "இனிமே ஞாயித்துக்கிழமைக்கு இதுதான். ஒன் கடைக்கு வெளம்பரம் வேண்டாமா?"

சொன்னதைச் செய்கிறவள் அவள். ஞாயிறுதோறும் அந்த வாடாமல்லியும் கத்திரிப்பூவும் சன்னல் வெயிலைக் கடந்து வரிசையில் வருகின்றன. பூசைக்கு வந்த வாசுதேவநல்லூர்க் கல்யாணக்காரி ஒருத்தி, மறுநாள் பட்டுப்புடைவையை மேசைமேல் விரித்துவிட்டு, கையை எடுக்காமலே கேட்டாள்.

"அந்தப் பாட்டியம்மா போட்டிருக்கது, ஒங்க கடையில வெட்டுன பிட்டாமே?"

"ஆமாம்மா. நான் வெட்டுனதுதான். வாசலுக்குப் போகாம வெட்டுனது" என்றாள் அமலோற்பவம். பிறகு அவள் புடைவையையும் துணியையும் தூக்கிக்கொண்டு எழுந்து, வாசலில் கண் கூசும் வெயிலுக்கு நடந்தாள்.